நைஸ் மாஸ்டரின் குரோம் குமிழ்கள்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பல் மருத்துவமனையின் வரவேற்பறைப் பெண்ணிலிருந்து மச்சினன் வரைக்கும் எல்லோருக்கும் அவர் நைஸ் மாஸ்டர்தான்.

மருத்துவமனையின் மாடியில் ஜன்னலோரமாக ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஒரு பாலிஷ் மெஷின். பல் போனவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே ஸ்டூல். அந்த ஸ்டூலின் விளிம்பைக்கூட உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். ஒரு செட் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் முழுக்கத் தடவிப் பார்ப்பார். பிறகு உதட்டைப் பிதுக்கி, "இன்னும் நைஸ் வரல" என்பார். திரும்பவும் மெஷின் ஓடும்.

"போதும் மாஸ்டர், பேஷண்ட் கீழ வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கார்" என்று டாக்டர் படிக்கட்டில் நின்று கத்துவார்.

"உக்காரட்டும் டாக்டர். நாக்கு சும்மா இருக்காது. கடுகளவு மேடு இருந்தாலும் நாள் பூரா அங்கேயே போய்த் தடவும். அப்புறம் உங்களைத்தான் திட்டுவார்."

சொன்னது சரிதான். அவர் செய்த பல் செட் உறுத்துகிறது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது. இருபத்திரண்டு வருடம் ஒருத்தரும் குறை சொல்லாவிட்டால், உலகத்தில் மற்ற வேலைகளும் தனக்கு அத்துப்படி என்று மனுஷனுக்குத் தோன்றிவிடும். மாதம் ஒரு தடவையாவது யாராவது இவரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, என்ன செய்வது!

வீட்டில் கேட்க ஆள் இருந்தது. மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு எதையும் எழுதி ஒட்டாமல் இருக்க முடியாது. ஒரே மாதிரி இரண்டு ஊசி மருந்துப் பாட்டில், இரண்டிலும் சீட்டு இல்லை என்றால் என்ன ஆகும் என்று தெரிந்தவள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கைப்பையில் எப்போதும் ஒரு வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருளும் மை பேனாவும் இருக்கும். உப்பு, சர்க்கரை, சோப்புத்தூள், சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவி, சுவிட்ச் போர்டில் ஒவ்வொரு சுவிட்ச் எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து இருக்கும்.

இவரோ அதைப் பார்த்த இடத்தில் பிய்ப்பார். பிய்த்த இடத்தில் பசை நிற்குமே, அதை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார். துடைத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத் திருப்திப்படுவார். பத்தொன்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் ஒட்டுவதும் இவர் பிய்ப்பதுமாக நடந்த சண்டையில் இருவரும் சளைக்கவில்லை. இதில் ஒரு நாள் அவர் டீயில் மூன்று ஸ்பூன் உப்பு விழுந்தது. டப்பாவில் சீட்டைப் பிய்த்தது அவரே என்பதால் வாயைத் திறக்காமல் அந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அவ்வளவு ரோஷம்!

இப்போது காருக்கு வருவோம். ஆறு வருடத்துக்கு முன்னால் வாங்கிய கார். இவருக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்தது. இவர் ஓட்டினால் முதுகு நேராக, இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் ரோட்டில். அதில் குறை சொல்ல முடியாது. வாய் மட்டும் சும்மா இருக்காது. "அந்த ஃபேனைக் கூட்டு", "காலுக்குக் காத்து வருது பாரு, மாத்து", "கண்ணாடி மங்குது, சரி பண்ணு" என்று சொல்லிக்கொண்டே வருவார். பக்கத்து சீட்டிலிருந்து மனைவியின் கை நீளும், காரியம் நடக்கும். காரை முழுவதுமாகத் தானே இயக்குவதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் மச்சினன் புதுக் கார் வாங்கினான். மனைவியின் தம்பி. வாங்கின கையோடு அக்கா வீட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்தி, மாமாவை உள்ளே உட்கார வைத்தான். உள்ளே பார்த்தால் கியர் குமிழ், காற்று வரும் துவாரத்தைச் சுற்றி வளையம், திருகும் குமிழ்கள், கதவுப் பிடி எல்லாம் குரோம். தொட்டால் வழுக்கியது.

"எப்படி மாமா?"

"பரவால்ல மாப்ள. நல்லாத்தான் இருக்கு."

"உங்க வண்டியும் எஞ்சின் நல்ல எஞ்சின்தான் மாமா. உள்ளதான் கொஞ்சம்… பழைய ரேடியோப் பொட்டி மாதிரி இருக்கு."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். இவருக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கு முழுக்க யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அவன் சின்னப் பையங்க, அதைப் போய் மனசுல வெச்சுக்கிட்டு" என்றாள் மனைவி. "நான் எதையும் வெச்சுக்கல" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

ஆனால் அந்த வீட்டில் சில மாதங்களாக உண்மையான கவலை வேறு ஒன்று. நகரத்தின் அந்தக் கோடியில் புதிதாகத் திறக்கப்போகிற அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு மனைவியைத் தலைமை நர்ஸாகப் போட்டிருந்தார்கள். பதினாறு வருடம் இரவு பகல் பார்க்காமல் உழைத்ததற்குக் கிடைத்த பதவி. காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் பஸ்ஸே ஆறு மணிக்குத்தான் கிளம்புகிறது. "நாலு மாசம் இருக்கு. தொறக்கற ஒண்ணாம் தேதிக்குள்ள வந்து போக வழி பண்ணிக்கோ. இல்லேன்னா பட்டியல்ல அடுத்த ஆள் காத்திருக்கு" என்று மேட்ரன் பட்டென்று சொல்லிவிட்டாள்.

"அதுக்கென்ன, நான் கொண்டு விடறேன்" என்று மார் தட்டினார் நைஸ் மாஸ்டர். ஏழரைக்கு முன்னால் அவர் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை. சோதனைக்கு இரண்டு நாள் பார்த்தார்கள். முதல் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கினார். இரண்டாம் நாள் எழுந்தார், ஆனால் குளித்து முடித்து வாசலுக்கு வந்தபோது ஆறு பத்து.

அதனால் அவளே ஓட்டக் கற்றாள். டிரைவிங் ஸ்கூலில் இருபது வகுப்பு. அந்த வாத்தியார் அவள் கண் கொஞ்சம் கீழே போனாலும் "ரோட்டைப் பாரும்மா, ரோட்டை!" என்று அதட்டி அதட்டியே பழக்கினார். ஸ்கூல் வண்டியில் போய் இரண்டு தடவை பரீட்சையில் தோற்றாள். அந்த வண்டியின் கிளட்ச் கடவுள் நினைத்தால்தான் பிடிக்கும். "மூணாவது தடவை நம்ம வண்டியிலயே போறேங்க. கை பழகின வண்டி" என்றாள். தேதியும் கிடைத்தது, வியாழக்கிழமை. ஒன்றாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. இதை விட்டால் அடுத்த தேதி ஒன்றரை மாதம் கழித்துத்தான்.

இந்த இடத்தில் நைஸ் மாஸ்டரைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவர் கேட்டால் கோபப்படுவார், படட்டும். அவள் பாஸாக வேண்டும் என்று அவர் மனசார நினைத்தார். அதே மனசின் இன்னொரு மூலையில், அவள் பாஸாகிவிட்டால் தான் எதற்கு என்று ஒரு பயமும் இருந்தது. பத்து வருடமாகப் பஸ் நிறுத்தத்தில் அவளுக்காகக் காத்திருந்து அழைத்து வந்தவர் அவர். அவள் தூரத்தில் வருவதைப் பார்த்ததும் ஸ்கூட்டராக இருந்தாலும் காராக இருந்தாலும் ஒரு தடவை ஹாரன் அடிப்பார். இனி அந்த ஹாரனை யாருக்கு அடிப்பது? இதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஆள் என்ன செய்வார்? காரை எடுத்து வைத்துக்கொண்டு பளபளப்பாக்குவார்.

"பரீட்சைக்கு வர்ற இன்ஸ்பெக்டர் வண்டிக்குள்ள ஏறினதும் அசந்து போகணும்" என்று அறிவித்தார். "உள்ள இருக்கிற அத்தனையும் குரோம். நானே வீட்டுலயே பண்றேன்."

"இப்ப எதுக்குங்க? பரீட்சை முடியட்டுமே."

"நீ ஓட்டறதைப் பாரு. வண்டியை நான் பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை ஆரம்பித்தது. பல் செட் அச்சில் மெழுகு சுரண்டும் கரண்டியைத் துணியில் சுற்றி, ஒரு கீறல் விழாமல் எல்லாவற்றையும் நெம்பி எடுத்தார். காற்றுக்கும் சூட்டுக்குமான மூன்று திருகு குமிழ்கள், அவை உட்காரும் தட்டு, அதன் கீழே நான்கு அமுக்கு பட்டன்கள், ஜன்னல் சுவிட்ச்கள், துவார வளையங்கள், கியர் குமிழ். சோப்பு நீரில் கழுவினார், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார், முரட்டு உப்புத்தாளில் தொடங்கி நைஸ் உப்புத்தாள் வரை தண்ணீர் தொட்டுத் தேய்த்தார். தேய்த்ததைக் கண்ணை மூடித் தடவினார்.

விரலில் ஏதோ இடறியது.

கண்ணைத் திறந்து பார்த்தார். தட்டில் ஃபேன் படம் புடைத்து நின்றது. பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்கள். உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் படம், அவன் முகத்துக்கு ஒரு அம்பு, காலுக்கு ஒரு அம்பு. குமிழ்களின் தலையில் எது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று காட்டும் சின்னக் கோடு. பட்டன்களில் முக்கோணம், கண்ணாடிப் படம், இன்னும் என்னென்னவோ. கியர் குமிழில் ஐந்து கியரும் ரிவர்சும் பள்ளமாகச் செதுக்கிய கோடுகள்.

வேறு யாராக இருந்தாலும் அங்கே நிறுத்தியிருப்பார்கள். நைஸ் மாஸ்டரின் கைக்கு மேடு என்றால் குறை, பள்ளம் என்றால் குறை. அது எதற்காக அங்கே இருக்கிறது என்ற கேள்வியை அந்தக் கை இருபத்திரண்டு வருடமாகக் கேட்டதே இல்லை. மேட்டைத் தேய்த்தார். பள்ளத்தை மக்குப் பசை வைத்து அடைத்துத் தேய்த்தார். மறுநாள் மதிய இடைவேளையில் எல்லாவற்றையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போய், பல் செட்டுக்குப் போடும் பொடியையே போட்டு மெஷினில் ஒரு சுற்று காட்டினார். ஃபேனும் போனது, எண்ணும் போனது, அம்பும் ஆளும் போன இடம் தெரியவில்லை.

அடுத்தது பெயின்ட். தூசி படியாத இடம் வேண்டுமே! குளியலறையைப் பிடித்துக்கொண்டார். சுவரெல்லாம் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, கதவிடுக்கில் டேப் ஒட்டி, துணி மாட்டும் கிளிப் வளையத்தில் குமிழ்களை வரிசையாகத் தொங்கவிட்டார். முதலில் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன் மேல் பளபளக்கும் கறுப்பு. குரோம் பளிச்சென்று வருவது அடியில் இருக்கும் கறுப்பைப் பொறுத்தது என்று ஸ்பிரே டப்பாவில் போட்டிருந்தது. முதல் தடவை அவசரப்பட்டுவிட்டார், அலுமினியப் பாத்திரம் மாதிரி சாம்பலாக வந்தது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடியும் கறுப்பிலிருந்து ஆரம்பித்தார். இரண்டு நாள் அந்த வீட்டில் யாரும் குளியலறைப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு.

"நான் டூட்டி முடிஞ்சு வந்திருக்கேன். குளிக்கணும்" என்றாள் மனைவி, கதவுக்கு வெளியே நின்று.

"கதவைத் தொறக்காத, தூசி வந்துடும்!"

"தூசி நான்தாங்க. அதைத்தான் கழுவணும்னு சொல்றேன்."

"நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோம்மா."

அவள் அடுத்த நாள் ஆஸ்பத்திரியிலேயே குளித்துவிட்டு வந்தாள். வார்டில் இருந்த மற்ற நர்ஸுகள் வீட்டில் தண்ணீர் வரவில்லையா என்று விசாரித்தார்களாம். "தண்ணி வருது, என் வீட்டுக்காரர்தான் வெளிய வரல" என்று சொல்லியிருக்கிறாள்.

புதன்கிழமை சாயங்காலம் எல்லாம் காய்ந்து, காரில் திரும்பப் பொருத்தித் தயாராகிவிட்டது. குரோம் என்றால் குரோம்! கியர் குமிழில் அவர் முகம் தெரிந்தது, மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாக. கண்ணை மூடித் தடவினார். எங்கும் ஒரு மேடில்லை, ஒரு பள்ளமில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் காருக்குள் உட்கார்ந்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். மச்சினனுக்குப் படம் எடுத்து அனுப்பினார். "மாமா, பிரமாதம்!" என்று பதில் வந்ததும் இன்னொரு தடவை சிரித்தார். எது எந்த வேலைக்கு என்று அந்தப் படத்தைப் பார்த்து அவனும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை மனைவி காரில் ஏறினாள். முன்பலகையை மேலும் கீழுமாகப் பார்த்தாள். அவள் அசந்துவிட்டாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

"எங்கங்க படமெல்லாம்?"

"எந்தப் படம்?"

"ஃபேன் படம், அம்புக்குறி, நம்பர் எல்லாம் இருந்துச்சே."

"அதுவா? எல்லாம் மேடும் பள்ளமுமா இருந்துச்சு. எடுத்துட்டேன். தடவிப் பாரு, எவ்வளவு நைஸா இருக்கு!"

அவள் தடவிப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் வழிந்த பெருமையைப் பார்த்த பிறகு, பரீட்சை நாளும் அதுவுமாகச் சண்டை வேண்டாம் என்று தோன்றியிருக்க வேண்டும். "கிளம்புங்க, நேரமாச்சு" என்றாள்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலை ஏற்றினார்கள். இரண்டு பேர் மூச்சில் முன்கண்ணாடி உள்ளே மங்க ஆரம்பித்தது. பளபளப்பைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் இன்றைக்கு அவரே கையை நீட்டினார். ஒரு குமிழைத் திருகினார். காலில் சூடான காற்று அடித்தது. இன்னொன்றைத் திருகினார், சூடு இன்னும் கூடியது. பட்டன் ஒன்றை அமுக்கினார், நான்கு இண்டிகேட்டரும் டிக் டிக் என்று அடிக்க ஆரம்பித்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. முன்கண்ணாடி முழுக்கப் பால் போல வெளுத்துவிட்டது, சாலையே தெரியவில்லை. காரை ஓரம் கட்டினார். ஓரத்தில் இருந்த குப்பைத்தொட்டி நூலிழையில் தப்பியது.

"அய்யய்யோ, எதுக்கு எதுன்னே தெரியலையே!"

அவள் கை நீண்டது. வலது குமிழை முழுக்க ஒரு திருகு, நடுவில் இருப்பதை இரண்டு சொடுக்கு, இடதை இந்தப் பக்கம், கீழே ஒரு பட்டன். குமிழ்களைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, வெளியே மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை நிமிடத்தில் கண்ணாடி தெளிந்தது. இண்டிகேட்டரும் நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆறு வருஷமா இதைத் திருகறது யாருங்க? நீங்க சொல்லுவீங்க, நான் திருகுவேன்."

அவருக்கு முகம் சுண்டிப்போனது. யோசித்துப் பார்த்தால், கியரைத் தவிர இந்தக் காரின் குமிழ்களில் ஒன்றைக்கூட அவர் ஓட்டும்போது தொட்டதாக ஞாபகம் இல்லை. தொடாத பொருளைத்தான் நான்கு நாள் தேய்த்திருக்கிறார். வண்டியைக் கிளப்பினார்.

பரீட்சை மைதானத்தில் மழை விட்டிருந்தது. இன்ஸ்பெக்டர் கையில் விதித்தாள்கள் செருகிய அட்டையோடு வந்து காரின் முன்சீட்டில் உட்கார்ந்தார். அசந்து போகவில்லை. முன்பலகையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடியும் முன்பலகையைப் பார்த்தார்.

"இதுல எமர்ஜென்சி லைட் பட்டன் எதும்மா?"

அவள் அமுக்கிக் காட்டினாள்.

"கண்ணாடி மங்கினா?"

அதையும் காட்டினாள்.

"ரிவர்ஸ் எங்க விழும்?"

போட்டே காட்டினாள். குமிழைப் பார்க்கவே இல்லை, கண் முன்னால்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "உங்களுக்குத் தெரியுதும்மா. எனக்குத் தெரியலையே. ஓட்டறவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பக்கத்துல இருக்கறவன் எதைப் பிடிச்சு அமுக்குவான்? அடையாளம் இல்லாத வண்டியில பரீட்சை எடுக்க எனக்கு உத்தரவு இல்ல. வேற வண்டி இருந்தா கொண்டு வாங்க. இல்லேன்னா வேற தேதி வாங்கிக்கோங்க."

வெளியே நின்றிருந்த நைஸ் மாஸ்டர் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். வேற தேதி என்றால் ஒன்றரை மாதம். ஒன்றாம் தேதி போய்விடும். பதினாறு வருட உழைப்பு பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். எல்லாம் ஃபேன் படத்துக்கு மேலே அவர் கை போனதால். ஜன்னல் வழியாக மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னலருகே குனிந்தார். சொல்ல வந்தது, இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிப் பழகாத வார்த்தை.

"சார், தப்பு என்னோடது. நான்தான் தேய்ச்சு எடுத்துட்டேன். அவங்க மேல ஒண்ணுமில்ல சார்."

"தப்பு யாரோடதுன்னு நான் கேக்கலையே. அடையாளம் எங்கன்னுதான் கேட்டேன்."

அப்போதுதான் மனைவி கைப்பையைத் திறந்தாள். வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருளும் மை பேனாவும் வெளியே வந்தன.

"சார், அச்சடிச்ச அடையாளம்தான் வேணும்னு இருக்கா? இல்ல, தெளிவா இருந்தாப் போதுமா?"

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் அட்டையைப் புரட்டினார். "தெளிவான அடையாளம்னுதான் போட்டிருக்கு" என்றார். "அடுத்த வண்டியைப் பாத்துட்டு வரேன். பத்து நிமிஷம்."

"நீங்க கிழிச்சுக் குடுங்க" என்று சுருளைக் கணவனிடம் நீட்டினாள்.

கிழித்துக் கொடுத்தார். பத்தொன்பது வருடம் எதைப் பிய்த்து எறிந்தாரோ அதையே விரல் நீளத்துக்கு அளவு பார்த்துக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். அவள் தொடைமேல் வைத்து எழுதி ஒட்டினாள். "ஃபேன்". "சூடு". "கால்". "முகம்". "கண்ணாடி". "எமர்ஜென்சி". கியர் குமிழின் தலையில் ஒன்றிலிருந்து ஐந்து வரை போட்டு, பின்னால் போக ஒரு அம்பு. நான்கு நாள் பாடுபட்ட குரோமின் மேல் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி வரிசையாக ஏறியது. "கண்ணாடி" மட்டும் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்துவிட்டது. அவருக்கு அதை நேராக்கக் கை பரபரத்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து ஒவ்வொன்றாக வாசித்தார். "கையெழுத்து நல்லா இருக்கு" என்றார். மேகம் விலகி வெயில் நேராக முன்பலகையில் விழுந்தது. பிளாஸ்திரி ஒட்டாத இடமெல்லாம் கண்ணைக் குத்தியது. அவர் கையால் மறைத்துக்கொண்டு, "நல்ல வேளை, ஒட்டினீங்க. இல்லேன்னா நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் மார்க் போட்டிருக்கணும்" என்றார். பிறகு, "எடுங்கம்மா" என்றார்.

கார் நகர்ந்தது. நைஸ் மாஸ்டர் மைதானத்து ஓரத்தில் தகரக் கூரைக்குக் கீழே நின்று பார்த்தார். அவள் எட்டு போட்டாள், மேட்டில் நிறுத்திக் கிளப்பினாள், இரண்டு கம்பத்துக்கு நடுவில் பின்பக்கமாக நுழைத்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் இவர் வலது கால் தானாக பிரேக்கை அமுக்கியது. தரையில் பிரேக் இல்லை என்பதை அந்தக் கால் ஒத்துக்கொள்ளவில்லை. இன்ஸ்பெக்டர் இறங்கிக் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார். அவள் அதை வாங்கி, இரண்டாக மடித்து, கைப்பைக்குள் வைத்துவிட்டு, இவர் நிற்கும் திசையைப் பார்த்து ஒரு தடவை ஹாரன் அடித்தாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மழைச் சாரல் என்று துடைத்துக்கொண்டார். சாரல் நின்று வெகு நேரமாகியிருந்தது.

ஓட்டுபவர் பக்கக் கதவுக்கு வந்து நின்றார், பழக்கதோஷம். அவள் நகரவில்லை. அவர் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தார். பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தால் அந்தக் கார் வேறு காராக இருந்தது. கால் நீட்ட இடம் அதிகம், கைக்கு வேலை குறைவு.

"மேட்ரனுக்குப் போன் பண்ணணும்" என்றாள். "சாயங்காலம் தம்பிக்கும் சொல்லணும்."

"அவன் குரோமைப் பத்திக் கேப்பான்."

"சொல்லுங்க. பரீட்சையில பாஸாயிடுச்சுன்னு."

பாலம் தாண்டியதும் மறுபடியும் மழை. அவள் முதுகு நேராக இருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் ரோட்டில்.

"கண்ணாடி மங்குதுங்க. கொஞ்சம் சரி பண்ணுங்க."

அவர் குனிந்தார். கிட்டத்தில் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார். "ஃபேன்" என்று எழுதியதை இரண்டு சொடுக்கு. "கண்ணாடி" என்று எழுதிய பக்கம் முழுக்க ஒரு திருகு. கோணலாக ஒட்டிய அந்தச் சீட்டின் மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. விரல் தானாக அங்கே போய் நின்றது.

"அதைப் பிக்காதீங்க."

"பிக்கல."

"எனக்கு அது வேண்டாம், என் கைக்கே தெரியும். உங்களுக்காகத்தான் ஒட்டியிருக்கேன்."

தூக்கிக்கொண்டிருந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிளாஸ்திரியின் விளிம்பு விரலில் இடறியது. அப்படியே விட்டுவிட்டார்.